டிஷ் வழியாக வானொலி: இரைச்சல் போன கதை

எங்கள் தெருவில் எல்இடி விளக்கும் இன்வெர்ட்டரும் பெருகிய பிறகு மத்திய அலை (மீடியம் வேவ்) வானொலியைக் கேட்கவே முடியவில்லை. விளக்கு வைக்கும் நேரமானால் ஒரே இரைச்சல். ரேடியோவை எந்தப் பக்கம் திருப்பி வைத்தும் பயனில்லை.

தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷில் டிவி சேனல்களோடு ஆகாசவாணி நிலையங்களும் வருகின்றன, மாதச் சந்தா கிடையாது. தமிழும் உண்டு, விவித் பாரதியும் உண்டு. சரி, பாட்டு கேட்க டிவி எதற்கு ஓட வேண்டும்? செட்டாப் பாக்ஸின் பின்னால் இருக்கும் சிவப்பு, வெள்ளை ஆடியோ துளைகளிலிருந்து ஒரு வயரைப் பழைய ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தேன். நிலைய எண்களைத் தாளில் எழுதி பாக்ஸ் மேல் ஒட்டினேன். இப்போது அம்மாவே ரிமோட்டில் எண்ணை அழுத்திப் போட்டுக்கொள்கிறார். செய்தி வாசிப்பவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது, அவ்வளவு தெளிவு!

அப்புறம் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. இந்த ஒளிபரப்பை அனுப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் இருப்பது 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில். எங்களுக்குத் தென்கிழக்கே, நல்ல உயரத்தில். அந்தத் திசையில் தென்னை மட்டை ஒன்று தாழ்ந்து மறைத்திருந்தது. அதை வெட்டியதும் சரியாகிவிட்டது.

அடைமழையில் மட்டும் ஒலி அறுந்துபோகும், அதற்கு மருந்தில்லை. புயல் நேரத்தில் கரன்ட்டும் இருக்காது. அதனால் பழைய டிரான்சிஸ்டரைத் தூக்கிப் போடாதீர்கள், பேட்டரியோடு தயாராக வையுங்கள்.