ஃபேன் சத்தத்தை எடுக்கப்போய்க் குரலை எடுத்துவிடாதீர்கள்: ஒடாசிட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் பாட்டுப் பதிவு இப்போது ஸ்டூடியோவை நம்பி இல்லை. உப்புவெளியில் ஒரு படுக்கையறை, நிலாவெளி வீதியில் ஒரு கடையின் மேல்மாடி, எங்கே பார்த்தாலும் ஒரு யூஎஸ்பி மைக், ஒரு பழைய லப்டொப், அதில் ஒடாசிட்டி என்கிற ஒலிப்பதிவு மென்பொருள். கோணேசர் மீது பக்திப் பாடல், கலியாண வீட்டுக்கு ஒரு வாழ்த்துப் பாட்டு, சொந்த மெட்டில் ஒரு காதல் பாட்டு என்று பிள்ளைகள் செய்துகொண்டே இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு வெளிவந்த நாளிலிருந்து காசு கேட்காத மென்பொருள் அது. அதை வைத்துக்கொண்டு நல்ல பதிவு செய்ய முடியாது என்பவர்களை நான் நம்புவதில்லை.

ஆனால் "அண்ணா, இதைக் கொஞ்சம் சரிபண்ணித் தாங்கோ" என்று கொண்டுவருகிற கோப்புகளைத் திறந்தால், எங்கள் காலத்தில் நாங்கள் விழுந்த அதே குழிகள்தான். எங்களுக்குச் சொல்ல ஆள் இருக்கவில்லை. இவர்களுக்காவது சொல்லிவைக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தவறான மைக்கைத் தெரிவுசெய்வது, பதிவு பட்டனை அழுத்த மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை ஒரு தரம் பட்டால் தானாகவே திருந்தும்.

சிவப்பு விழுந்தால் விழுந்ததுதான்

சத்தம் எல்லை மீறினால் மீட்டரில் சிவப்பு விழும், பதிவு உடையும். பாடும்போது ஒலியளவு காட்டும் மீட்டரின் உச்சம் -12க்கும் -6 டெசிபெலுக்கும் இடையில் நிற்கட்டும். பிறகு கூட்டிக்கொள்ளலாம். "ஒடாசிட்டி 32 பிட் ஃப்ளோட்டில்தானே (எவ்வளவு பெரிய ஒலியளவையும் தாங்குகிற எண்முறை) பதிகிறது, உடைந்தாலும் திருத்தலாம்" என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அந்த 32 பிட் கணக்கு மென்பொருளுக்கு உள்ளே நடக்கிற கணக்கு. அலையின் தலை வெட்டுப்படுவது அதற்கு முன்பே, மைக்கில் இருக்கிற அல்லது ஓடியோ இன்டர்ஃபேஸில் இருக்கிற, ஒலியை எண்களாக்கும் மாற்றியில் நடந்து முடிந்துவிடுகிறது. வெட்டுப்பட்ட தலையைத்தான் ஒடாசிட்டி மிகத் துல்லியமாகச் சேமித்து வைக்கிறது. பாட்டின் மிக உரத்த வரியை முதலில் பாடிப்பார்த்து அளவை வையுங்கள். பல்லவியின் முதல் வரியை முணுமுணுத்துவிட்டு வைத்த அளவு, சரணத்தில் குரல் மேலே ஏறும்போது கைவிடும்.

இரைச்சலை அழிக்கும் கருவியை நம்பிப் பதிவுசெய்வது

மற்ற எல்லாத் தவறுகளையும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. இதை முடியவில்லை.

கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் எங்கள் ஊர் வெக்கை தெரிந்ததுதான். யன்னலைச் சாத்தினால் அவிச்சல், திறந்தால் காற்று மைக்கில் அறைகிறது. ஆகவே யன்னலைச் சாத்திவிட்டுச் சீலிங் ஃபேனைப் போட்டுக்கொண்டு பாடுகிறார்கள். கேட்டால் ஒரே பதில்: "பிறகு நொய்ஸ் ரிடக்ஷன் போடலாம்தானே." இந்தப் "பிறகு" எத்தனை நல்ல பாட்டுகளைத் தின்றிருக்கிறது!

அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருந்தால் பாதித் தவறு நடக்காது. முதலில் இரைச்சல் மட்டும் உள்ள ஒரு துண்டைத் தெரிவுசெய்து 'கெட் நொய்ஸ் புரொஃபைல்' அழுத்துகிறோம். மென்பொருள் அந்தத் துண்டை நூற்றுக்கணக்கான அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் எவ்வளவு பலமாகச் சத்தம் இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறது. பிறகு முழுப் பாட்டையும் தெரிவுசெய்து இரண்டாம் தரம் ஓடவிடும்போது, எந்தப் பட்டையில் எந்தக் கணத்தில் ஒலி அந்த அளவைத் தாண்டவில்லையோ, அந்த இடத்தைத் தணித்துவிடுகிறது. அவ்வளவுதான். ஃபேன் எது, குரல் எது என்று அதற்குத் தெரியாது. நீங்கள் எதைக் காட்டினீர்களோ அதுதான் அதற்கு இரைச்சல்.

ஒரு தம்பி தன் அம்மம்மாவைப் பதிவுசெய்தான். ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை, நல்ல சாரீரம். சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு தேவாரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பாடியிருக்கிறார். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பதிவின் தொடக்கத்தில் அவர் வாய் திறப்பதற்கு முன் சில விநாடிகள் இருந்தன. எல்லா வீடியோக்களும் சொல்வதுபோல் அந்தத் துண்டைத்தான் அவன் இரைச்சல் மாதிரியாகக் கொடுத்திருக்கிறான். அந்தத் துண்டில் ஃபேன் மட்டுமா இருந்தது? சுருதிப்பெட்டியும் சேர்ந்து ஒலித்துக்கொண்டிருந்தது.

சுருதிப்பெட்டி ஷட்ஜத்திலும் (ச) பஞ்சமத்திலும் (ப) நிற்கிறது. பாடுகிறவரும் சுற்றிச் சுற்றி அந்த ஸ்வரங்களில்தான் வந்து அமர்கிறார். அந்த அதிர்வெண்களை எல்லாம் இரைச்சல் என்று மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. போதாததற்கு, முதல் தரம் ஃபேன் முழுதாகப் போகவில்லை என்று குறைப்பு அளவைக் கூட்டிக் கூட்டி மூன்று முறை ஓடவிட்டிருக்கிறான்.

கேட்டுப்பார்த்தேன். வரி முடிந்து அவர் ஷட்ஜத்தில் நிற்கிற இடங்களில் குரல் வருகிறது, நிற்கிறது, பிறகு மூச்சு மெலிகிற கணத்தில் யாரோ வெட்டினதுபோல் இல்லாமல் போகிறது. குரலை அசைத்துப் பாடுகிற கமகத்தின் வால் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 'சிவ' என்கிற சொல்லில் 'சி' மழுங்கிப்போயிருந்தது, ஏனென்றால் பல்லிடுக்கால் வருகிற அந்தக் காற்றொலியும் ஃபேன் காற்றும் ஒரே பட்டைகளில் கிடக்கின்றன. குரலுக்குப் பின்னால், தண்ணீருக்குள் சலங்கை குலுங்குகிற மாதிரி ஒரு சலசலப்பு. அளவுக்கு மீறி இரைச்சல் நீக்கினால் வருகிற அடையாளம் அது. ஒரு முறை கேட்டால் பிறகு எங்கே கேட்டாலும் காது பிடித்துவிடும்.

"இரைச்சலைத்தானே அண்ணா எடுத்தனான், அம்மம்மாவின்ர குரல் ஏன் போனது?"

"அசல் எங்க தம்பி?"

அசல் இல்லை. அதே புரொஜெக்டில் சேவ் செய்து மூடியிருக்கிறான். ஒடாசிட்டியில் புரொஜெக்டை மூடியதும் அன்டூ வரிசை முழுக்கப் போய்விடும். மறுபடி திறந்தால் கடைசியாகச் சேமித்த நிலை மட்டுமே கிடைக்கும். அவன் எக்ஸ்போர்ட் செய்துவைத்திருந்ததும் சுத்தப்படுத்திய எம்பி3தான். அம்மம்மா அதற்குள் மகளிடம் கனடாவுக்குப் போய்விட்டார். அங்கேயிருந்து போனில் பாடி அனுப்பலாம்தான். ஆனால் இந்த வீட்டில், இந்த மாலையில், அந்தத் தொண்டை திறந்து பாடிய அந்தத் தேவாரங்கள் போனது போனதுதான்.

அந்தத் தம்பியில் எனக்குக் கோபம் இல்லை. ஒரே கிளிக்கில் ஸ்டூடியோத் தரம் என்று வீடியோ போடுகிறவர்கள்மேல்தான் கோபம். அவர்கள் காட்டுகிற உதாரணத்தில் ஒருவர் பேசுகிறார், பின்னால் ஒரே சீரான இரைச்சல். பேச்சுக்கு அது பரவாயில்லை. சுருதியோடு பாடுகிற எங்கள் இசைக்கு அதே செய்முறையைச் சொல்லிக்கொடுப்பது பெரிய தவறு.

இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம். சுருதிப்பெட்டியின் ஒலியை ஹெட்ஃபோனில் பாடுகிறவரின் காதுக்கு மட்டும் கொடுங்கள். பாட்டில் சுருதி வேண்டுமானால் தனி ட்ராக்காகப் பதிந்து சேர்க்கலாம். பழக்கம் காரணமாக அம்மம்மா மாதிரி மூத்தவர்கள் ஹெட்ஃபோன் மாட்டமாட்டார்கள் என்றால், பதிவைத் தொடங்கி, யாரும் பேசாமல், பெட்டியையும் போடாமல் 10 விநாடி அறையை மட்டும் பதியுங்கள். இரைச்சல் மாதிரியாக அந்த 10 விநாடியைத் தவிர வேறு எதையும் தொடவேண்டாம்.

குறைப்பை 6 முதல் 12 டெசிபெலுக்குள் வையுங்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் பதிவுதான் பிழை. நொய்ஸ் ரிடக்ஷன் திரையிலேயே 'ரெசிடியூ' என்று ஒரு தெரிவு இருக்கிறது. பெரும்பாலானோர் அதைத் தொடுவதே இல்லை. அதைத் தெரிவுசெய்து முன்னோட்டம் கேட்டால், எதை நீக்கப்போகிறதோ அது மட்டும் காதில் விழும். அதில் பாட்டின் ஒரு சொல் கேட்டாலும் அளவைக் குறையுங்கள். கேட்டு முடித்ததும் தெரிவைப் பழையபடி 'ரிடியூஸ்' என்பதற்கு மாற்றிவிட்டு ஓகே கொடுங்கள், இல்லாவிட்டால் இரைச்சல் மட்டும்தான் மிஞ்சும்.

மாறாத சத்தத்துக்கு மட்டுமே இந்தக் கருவி. ஃபேன் ஒரே சீராகச் சுற்றுகிறது, அதனால் ஓரளவு அடங்கும். டச்சு விரிகுடாப் பக்கத்து வீடுகளில் கேட்கிற அலைச் சத்தம் ஒவ்வொரு கணமும் மாறுகிறது, அடங்காது. காகம், பாண் விற்கிற ஆட்டோவின் பாட்டு, கோயில் ஒலிபெருக்கி எதற்கும் இதில் மருந்து இல்லை. அவை வந்தால் நிறுத்திவிட்டு அந்த வரியை மறுபடி பாடவேண்டும்.

ஃபேனை நிறுத்துங்கள். ஒரு பாட்டு நாலைந்து நிமிடம்தான். பாடி முடித்துப் போட்டுக்கொள்ளலாம். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்து, நேரே ஊதாமல் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறக்குறைய 6 டெசிபெல் கூடும், அறையின் இரைச்சலோ அப்படியே இருக்கும். மென்பொருளில் நோகாமல் கிடைக்காத 6 டெசிபெல் அது. உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்துவைத்து அதற்கு முதுகு காட்டிப் பாடினால், வெறும் சுவரில் மோதித் திரும்புகிற ஒலியும் குறையும்.

எந்த விளைவையும் (எஃபெக்ட்) போடும் முன் அசலைச் சுருக்காத வேவ் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து வேறு ஃபோல்டரில் வையுங்கள். வேலை செய்கிற ட்ராக்கைக் கன்ட்ரோல் + டி அழுத்திப் பிரதி எடுத்து, அசல் ட்ராக்கை மியூட் செய்துவிட்டுப் பிரதியில் கைவையுங்கள். 2022இல் வந்த 3.2 பதிப்பு முதல் பல விளைவுகளை அலையைத் தொடாமலே நேரடியாக ஓடவிடலாம். நொய்ஸ் ரிடக்ஷன் அந்த வகையில் இல்லை, அது அலையையே மாற்றி எழுதுகிறது. ஆகவே பிரதி எடுப்பதில் சமரசம் வேண்டாம்.

புளூடூத் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு பாடுவது

ஒலி காதுக்கு வந்துசேரப் பிந்துகிறது, பாடகர் பிந்திய தாளத்துக்குப் பாடுகிறார். பிறகு "எனக்குத் தாளம் நிற்கவில்லை" என்று தன்னையே நொந்துகொள்கிறார். வயர் உள்ள ஹெட்ஃபோனை வாங்குங்கள்.

வயர் போட்டாலும் கணினியின் சொந்தத் தாமதம் இருக்கும். ஒடாசிட்டி அதை ஈடுசெய்ய வழமையாக -130 மில்லிசெக்கன் என்று ஒரு அனுமானத்தை வைத்திருக்கிறது. உங்கள் கணினிக்கு அது பொருந்தவேண்டும் என்றில்லை. 'ரிதம் ட்ராக்' (சீரான தாளத் தட்டுகள் உள்ள ட்ராக்) ஒன்றை உருவாக்கி, ஹெட்ஃபோனின் காதுப்பகுதியை மைக்கோடு ஒட்டிப்பிடித்து, அதை ஓடவிட்டபடி புதிய ட்ராக்கில் பதியுங்கள். இரண்டு ட்ராக்கையும் பெரிதாக்கிப் பார்த்தால் தட்டுகள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று தெரியும். பதிந்தது 40 மில்லிசெக்கன் பிந்தியிருந்தால் அந்த -130ஐ -170 என்று மாற்றுங்கள். மைக்கையோ கணினியையோ மாற்றினால் மறுபடி அளக்கவேண்டும்.

'உம்' என்ற சத்தம்

எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அந்தச் சுருதியிலும் அதன் மடங்குகளிலும் முனகல் கேட்டால் முதலில் லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பற்றரியில் பதிந்து பாருங்கள். பெரும்பாலும் அத்தோடு சரி.

விண்டோஸின் ஒலி மேம்படுத்தல்கள்

மைக் அமைப்பில் இந்த மேம்படுத்தல்கள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

எம்பி3யைத் திறந்து வெட்டி மறுபடி எம்பி3யாகச் சேமிப்பது

வேண்டாம். ஒவ்வொரு தரமும் கொஞ்சம் தேயும்.

வட்ஸ்அப்பில் ஓடியோவாக அனுப்புவது

வேவ் கோப்பை 'டொக்கியுமென்ட்' என்ற வழியில் அனுப்புங்கள். முடித்த பாட்டை மிக்ஸ் செய்யக் கொடுக்கிறபோது, குரல் பதிவை ஸ்பீக்கரில் ஓடவிட்டு வொய்ஸ் மெசேஜாகப் பிடித்து அனுப்பிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதில் என்ன மிக்ஸ் செய்வது?

புரொஜெக்ட் கோப்பைப் பாதியாகக் கொண்டுவருவது

2021இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து எல்லாம் ஒரே ஏயூபி3 கோப்புக்குள் இருக்கிறது. பழைய பதிப்பில் செய்த புரொஜெக்ட் என்றால் ஏயூபி கோப்போடு அதே பெயரில் 'டேட்டா' என்று முடிகிற ஃபோல்டர் ஒன்று இருக்கும், உண்மையான ஒலி அதற்குள்தான். வெறும் ஏயூபியை மட்டும் கொண்டுவந்தால் திறக்கும்போது வெறுமைதான் தெரியும். ஏயூபி3 என்றாலும், ஒடாசிட்டி திறந்திருக்கும்போது பிரதி எடுக்காதீர்கள். சேவ் செய்து, மூடி, பிறகு பென்டிரைவில் போட்டு, அந்தப் பென்டிரைவிலிருந்தே ஒரு தரம் திறந்து கேட்டுவிட்டுக் கொண்டுவாருங்கள்.