எந்த சுகர்? கேட்காமல் விடுவதால் வரும் தவறுகள்

"எனக்கு சுகர் இருக்கு" என்று யாராவது சொல்லி வாய் மூடுவதற்குள் பக்கத்தில் இருப்பவர் வெந்தயத்தில் ஆரம்பித்து பாகற்காய் ஜூஸ் வரை போய்விடுவார். எந்த சுகர் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பாதித் தவறுகளுக்கு இதுதான் காரணம்.

முதலில் டைப் 1. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடுவதால் வருவது, அதனால் "மிட்டாய் தின்னு தின்னுதான் வந்துச்சு" என்று குழந்தையையும் அம்மாவையும் குற்றம் சொல்வதில் அர்த்தமே இல்லை. இதில் பெரிய தவறு இன்சுலின் ஊசியை நிறுத்துவது. இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில் சில குழந்தைகளுக்கு மிச்சம் இருக்கும் செல்கள் கொஞ்சம் தெம்பாகி, ஊசி அளவு மளமளவென்று குறையும். டாக்டர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்பார்கள், பெயரே சொல்கிறதே, நீடிக்காது என்று. சரியாக அந்த நேரத்தில் ஒரு சூரணம் கொடுத்திருந்தால் பெயர் சூரணத்துக்குப் போய்விடும், ஊசி குப்பைக்குப் போய்விடும், அப்புறம் வாந்தி, வயிற்றுவலி, வேகவேகமாக மூச்சு வாங்குவது, மூச்சில் பழ வாசனை. இது கீட்டோன் (இன்சுலின் இல்லாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறியதன் அடையாளம், நேராக அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டியது. காய்ச்சலில் பிள்ளை சாப்பிடவில்லை என்று ஊசியை மொத்தமாக விடுவதும் இதே இடத்தில்தான் கொண்டுபோய் நிறுத்தும். சாப்பிடாவிட்டாலும் உடலுக்குக் கொஞ்சம் இன்சுலின் வேண்டும், எவ்வளவு என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டைப் 2 வேறு கதை. இன்சுலின் இருக்கும், உடல் அதற்குச் சரியாகக் கீழ்ப்படியாது, போகப்போக சுரப்பதும் குறையும். நம்மிடையே அதிகம் இருப்பது இதுதான். 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று கணக்குச் சொன்னது, அதில் பெரும்பகுதி இந்த வகை. இது சத்தமில்லாமல் வருவது, கண்டுபிடிக்கும் முன்பே சில வருடம் உள்ளே இருந்திருக்கலாம். அதனால்தான் டைப் 1 வந்தவருக்கு விழித்திரைப் பரிசோதனையைப் பொதுவாக ஐந்து வருடம் கழித்துத் தொடங்கலாம் என்கிறார்கள், டைப் 2 என்றால் தெரிந்த உடனேயே பார்க்கச் சொல்கிறார்கள். நம் ஆட்கள் கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துவிட்டு "கண்ணு பார்த்தாச்சு" என்பார்கள். அது கணக்கில் வராது. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரித்து, உள்ளே பார்க்க வேண்டும். (அன்றைக்கு வண்டி ஓட்டிக்கொண்டு திரும்ப முடியாது, துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள்.)

கால் விஷயத்தை என் பெரியப்பாவிடம்தான் கற்றுக்கொண்டேன். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை வெறுங்காலோடு முடித்துவிட்டு வந்து சௌகரியமாகத் தூங்கினார். காலையில் வீட்டுத் தரையில் ரத்தத் தடத்தைப் பார்த்து பெரியம்மா அலறியபோதுதான் குதிகாலில் கொப்புளம் உடைந்திருப்பதே அவருக்குத் தெரிந்தது. வலி இல்லை, அதனால் காயமும் இல்லை என்று நினைத்திருக்கிறார். உண்மையில் சர்க்கரையால் காலில் உணர்ச்சி நரம்பு போயிருந்தது. அந்தப் புண் ஆற மூன்று மாதம் ஆனது. ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலை கண்ணாடி வைத்தாவது பாருங்கள், கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள், வெந்நீரில் காலை விடும் முன் முழங்கையால் சூடு பாருங்கள்.

"மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும்" என்று நிறுத்துகிறவர்களிடம் எனக்குப் பொறுமையே இல்லை. கிட்னியைக் கெடுப்பது பெரும்பாலும் கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான். வருடம் ஒருமுறை சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்த்தால் ஆரம்பத்திலேயே தெரியும். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் சர்க்கரைதான், இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

ஒல்லியாக இருக்கும் நடுவயதுக்காரருக்கு மாத்திரை வேலையே செய்யவில்லை என்றால் "வாயைக் கட்டவில்லை" என்று திட்டும் முன் வகையைச் சந்தேகியுங்கள். பெரியவர்களுக்கும் மெதுவாக வரும் டைப் 1 உண்டு, கணையத்தில் கல் இருந்து வரும் சர்க்கரையும் உண்டு.

கர்ப்பகால சர்க்கரை பிரசவத்தோடு போய்விடுகிறது என்பதே அதில் இருக்கும் வலை. முன்பே சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் முதல் எட்டு வாரத்தில், அதாவது பல நேரம் கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே, குழந்தையின் உறுப்புகள் உருவாவதில் சிக்கல் வரலாம், அதனால் அவர்கள் கருத்தரிக்கும் முன்பே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். கர்ப்பத்தின் நடுவில் வருவதில் குழந்தை அதிக எடை போடுவதும், பிறந்தவுடன் அதற்குச் சர்க்கரை இறங்குவதும்தான் முக்கியமான கவலை. பிறகு அம்மாவுக்கு டைப் 2 வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. அதனால் பிரசவத்துக்குப் பிறகும் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். இரும்புச்சத்து குறைந்தவருக்கு மூன்று மாத சராசரி டெஸ்ட் (HbA1c) தப்பான எண்ணைக் காட்டலாம் என்பதால் அதை மட்டும் நம்பாமல் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள். எப்போது என்றால், குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போடப் போவீர்களே, அன்றைக்கே. நார்மல் என்று வந்தாலும் ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள்.