எந்தக் கணிதத் தாள் கடினம்? ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி முதலாண்டில் எந்தக் கணிதத் தாளை எடுப்பது என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது ‘எது ஈஸி?’ என்றுதான். பாடத்தின் பெயரை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்லக் கூடாது. ‘நுண்கணிதம் 1’ என்ற ஒரே பெயரில் வணிகவியல் மாணவர்களுக்கு நடத்துவது வேறு, பொறியியல் மாணவர்களுக்கு நடத்துவது வேறு. முன்னதில் முக்கோணவியல் பெரும்பாலும் இருக்காது. பின்னதில் அது இல்லாமல் நகரவே முடியாது. கணிதத்தையே முதன்மைப் பாடமாக எடுப்பவர்களுக்கு நிரூபணங்களும் சேர்ந்துகொள்ளும். பெயரை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தைப் பாருங்கள்.

அடுத்த தவறு இன்னும் பரவலானது: இயற்கணிதத்தில் தடுக்கி விழுந்துவிட்டு நுண்கணிதத்தின் மேல் பழி போடுவது. எக்ஸ் பூஜ்யத்தை நெருங்கும்போது (√(எக்ஸ் + 4) − 2) ÷ எக்ஸ் என்பதன் எல்லை என்ன? √(எக்ஸ் + 4) என்பதை √எக்ஸ் + 2 என்று பிரித்துவிட்டால் மேலே √எக்ஸ் மட்டும் மிஞ்சி, விடை முடிவிலிக்கு ஓடிவிடும். மேலேயும் கீழேயும் √(எக்ஸ் + 4) + 2 ஆல் பெருக்குங்கள். தொகுதி வெறும் எக்ஸ் ஆகிவிடும், பகுதியில் உள்ள எக்ஸோடு அடிபடும், 1 ÷ (√(எக்ஸ் + 4) + 2) நிற்கும். இப்போது எக்ஸுக்குப் பூஜ்யம் போட்டால் விடை 1/4. இதில் நுண்கணிதம் கடைசி வரி மட்டும்தான், மற்றதெல்லாம் பள்ளிப் பாடம். இந்த இடத்தில் சிக்குகிறவருக்கு நுண்கணிதத்தைத் தவிர்ப்பதால் பெரிய லாபம் இல்லை. வேறு தாளிலும் இதே ஓட்டை எங்காவது வந்து நிற்கும்.

நுண்கணிதத்தின் முதல் தாள் நன்றாகப் போனதால் இரண்டாம் தாளும் அப்படியே போகும் என்று கணக்குப் போடுவதும் ஆபத்து. முதல் தாளில் வரும் வகையீட்டில் விதி தெரிந்தால் கை தானாக ஓடும். அடுத்து வரும் தொகையீட்டில் எந்த முறை பொருந்தும் என்பதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். முடிவிலித் தொடர்கள் வந்ததும் உள்ளுணர்வும் கைகொடுக்காது: 1 + 1/2 + 1/3 + … என்பதில் உறுப்புகள் பூஜ்யத்தை நோக்கிச் சுருங்கினாலும் கூட்டுத்தொகை எல்லையில்லாமல் வளரும்; 1 + 1/4 + 1/9 + … என்பதோ ஓர் எண்ணில் அடங்கிவிடும்.

நேரியல் இயற்கணிதத்தை முதல் சில வாரங்களை வைத்து எடைபோடாதீர்கள். அணிகளின் நிரைகளைச் சுருக்குவது வெறும் கூட்டல், பெருக்கல்தான். வெக்டர் வெளி, நேரியல் சார்பின்மை என்று தொடங்கும்போது ‘கண்டுபிடி’ என்ற வினா ‘நிறுவுக’ என்று மாறும். பலர் அங்கேதான் திணறுகிறார்கள்.

புள்ளியியல் எளிது என்பதும் பாதி உண்மைதான். கணக்கு எளிது, விடைக்குப் பொருள் சொல்வது கடினம். பி-மதிப்பு 0.03 என்றால் இன்மை எடுகோள் (‘வித்தியாசமோ விளைவோ இல்லை’ என்ற தொடக்க அனுமானம்) சரியாக இருக்க 3 சதவீத வாய்ப்பு என்று எழுதினால் மதிப்பெண் போகும். இன்மை எடுகோள் சரி என்று வைத்துக்கொண்டால், இந்த அளவுக்கோ இதைவிட அதிகமாகவோ விலகிய தரவு கிடைக்கும் நிகழ்தகவுதான் அது. நீளமான வினாவை நிதானமாகப் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்குப் புள்ளியியல் நுண்கணிதத்தைவிடக் கடினமாகவே இருக்கும்.

தேர்ச்சி விகிதத்தை ஒப்பிடுவதிலும் கவனம் தேவை. ஒரு தாளைக் கணித ஆர்வலர்கள் மட்டும் எடுத்து, இன்னொன்றை எல்லோரும் கட்டாயத்தால் எடுத்தால், அந்த எண்கள் மாணவர்களைப் பற்றித்தான் பேசும். வேகத்தையும் பாருங்கள்: 15 வாரப் பாடத்தை 6 வாரக் கோடை வகுப்பில் எடுத்தால், ஒவ்வொரு வாரமும் இரண்டரை வாரப் பாடம் தலையில் இறங்கும்.

ஒப்பிட நம்பகமான வழி பழைய வினாத்தாள்தான். ஒவ்வொரு பாடத்திலும் பருவத்தின் பிற்பகுதியிலிருந்து ஐந்து வினாக்களை எடுத்து, மாதிரி விடைகளைப் படித்துப் பாருங்கள். எந்த வரியில் பிடி நழுவுகிறதோ அங்கே குறித்துக்கொள்ளுங்கள்: இயற்கணிதமா, முறையைத் தேர்வதா, நிரூபணமா, வினாவின் பொருளா? புதுப் பாடக்கருத்து புரியாமல் போவது இயல்பு, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். குறிகள் பெரும்பாலும் இயற்கணிதத்தில் விழுந்தால், பின்னம், அடுக்குக்குறி, காரணிப்படுத்தல் மூன்றையும் வகுப்பு தொடங்கும் முன் சரிசெய்துவிட்டு, முதலில் எடுக்க நினைத்த தாளையே எடுக்கலாம்.