ஒரு பானைப் பருப்பில் மூன்று வேளை: கையைக் கடிக்காத சமையலுக்கு ஒரு வழிகாட்டி

மாதக் கடைசியில் பணம் சுருங்கும்போது பெரும்பாலான வீடுகளில் முதலில் குறைவது கறியும் மீனும்தான். அந்த இடத்தில் இன்ஸ்டன்ட் மீயும், குழம்பு பேருக்கு மட்டும் ஊற்றிய சோறும் தட்டில் ஏறிவிடுகின்றன. வயிறு நிறைந்துவிடும், ஆனால் வளரும் பிள்ளைகளுக்கும், நாள் முழுவதும் நின்று வேலை செய்கிறவர்களுக்கும் தேவையான புரதம் அதில் மிகக் குறைவு. கோலாலம்பூரில் வீட்டு வாடகை, பள்ளிப் பேருந்து, மின்கட்டணம் எல்லாம் போக மிஞ்சுவதை வைத்துச் சமைக்கும் குடும்பங்களை மனத்தில் கொண்டே இதை எழுதுகிறேன். செலவை எங்கு வேண்டுமானாலும் இறுக்கலாம், புரதத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பருப்பு, முட்டை, டெம்பே, டின் சார்டின் ஆகிய நான்கையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் அதைக் குறைந்த செலவிலேயே காப்பாற்றிக்கொள்ள முடியும்.

சாமான் வாங்கும்போது

அரசாங்கம் விலையைக் கட்டுப்படுத்தியிருக்கும் பொருள்களிலிருந்து பட்டியலைத் தொடங்குங்கள். உள்நாட்டு வெள்ளை அரிசி 10 கிலோ மூட்டை 26 வெள்ளி. ஒரு தட்டுச் சோற்றுக்கு 100 கிராம் அரிசி என்று கணக்கிட்டால், தட்டுக்கு 26 காசுதான் ஆகிறது. பாக்கெட் சமையல் எண்ணெய் ஒரு கிலோ 2 வெள்ளி 50 காசு. சாதாரணக் கோதுமை மாவு ஒரு கிலோ 1 வெள்ளி 35 காசு. பாக்கெட் எண்ணெய் கடைகளில் விரைவில் தீர்ந்துவிடுவதால், கண்ணில் பட்ட நாளில் ஒன்றை எடுத்து வைத்துவிடுவது நல்லது. நம் வீடுகளில் பலர் பொன்னி அரிசிக்குப் பழகியிருப்பதால், உள்நாட்டு அரிசி குழைந்துவிடுகிறது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பொன்னிக்கு வைக்கும் அளவுத் தண்ணீரையே இதற்கும் வைப்பதால் வரும் சிக்கல் அது. ஒரு கப் உள்நாட்டு அரிசிக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கப் தண்ணீர் போதும். ரைஸ் குக்கர் அணைந்த பிறகு பத்து நிமிடம் மூடியைத் திறக்காமல் விட்டால் சோறு உதிரியாகவே வரும்.

முட்டைக்கு இருந்த விலைக் கட்டுப்பாடும் உதவித்தொகையும் 2025 ஆகஸ்டு 1 முதல் நீக்கப்பட்டுவிட்டன. ஆகவே இப்போது கடைக்குக் கடை விலையை ஒப்பிட்டு வாங்க வேண்டியிருக்கிறது. ஏ தர முட்டை 65 முதல் 70 கிராம் வரையிலும், சி தர முட்டை 55 முதல் 60 கிராம் வரையிலும் எடை இருக்கும். அதாவது சி முட்டை ஏறக்குறைய 15 விழுக்காடு சிறியது. விலையும் அதே அளவுக்கோ அதற்கும் மேலோ குறைந்திருந்தால் சி தரத்தை எடுங்கள், இல்லையென்றால் ஏ தரமே லாபம். ஆளுக்கு ஒன்று என்று அவித்து வைக்கிற வீட்டில் எண்ணிக்கைதான் முக்கியம் என்பதால் அங்கே சி தரமே பொருந்தும்.

காய்கறிக்குப் பேரங்காடியை விட்டு வெளியே வாருங்கள். சௌக்கிட் சந்தையிலும், மொத்த வியாபாரம் நடக்கும் செலாயாங் சந்தையிலும் கிலோ கணக்கில் வாங்கி, பக்கத்து வீட்டாருடன் பிரித்துக்கொண்டால் இருவருக்கும் மிச்சம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், வீட்டருகே நடக்கும் இரவுச் சந்தைக்குக் கடை கட்டுகிற நேரத்தில் போகலாம். காலையில் கூடும் பாசார் தானி என்றால் நண்பகலை ஒட்டிப் போகலாம். மீதியைத் திரும்ப ஏற்றிச் செல்ல விரும்பாத வியாபாரிகள் கங்கோங், சாவி, கத்தரிக்காய், மிளகாய் ஆகியவற்றைக் கூறு கட்டி மலிவாகத் தள்ளிவிடுவார்கள். கீரை வகைகளை அன்றோ மறுநாளோ சமைத்துவிட வேண்டும். முட்டைக்கோஸ், பரங்கிக்காய், கேரட், உருளைக்கிழங்கு ஆகியவை ஒரு வாரம் தாங்கும். இந்த வரிசையை மனத்தில் வைத்துச் சமைத்தாலே குப்பைக்குப் போகும் காய் பாதியாகக் குறையும்.

2025 ஆகஸ்டு 31 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் அனைவருக்கும் மைகார்டு அடையாள அட்டை வழியாக அரசாங்கம் வழங்கிய, அடிப்படைப் பொருள் வாங்குவதற்கான 100 வெள்ளி சாரா உதவி போன்றவை கிடைக்கும்போது, அதைப் பிஸ்கட்டிலும் மீ பாக்கெட்டிலும் கரைத்துவிடாமல், அரிசி, எண்ணெய், மாவு, டின் சார்டின் என்று நாள்பட இருக்கக்கூடிய பொருள்களுக்கு ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கையில் இருக்கும் ரொக்கம் அப்போது காய்கறிக்கும் முட்டைக்கும் மிஞ்சும்.

பருப்பை ஒரே முறை வேகவையுங்கள்

காய்ந்த பருப்பில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது. பருப்பில் குறைவாக உள்ள அமினோ அமிலம் அரிசியிலும், அரிசியில் குறைவாக உள்ளது பருப்பிலும் இருப்பதால், இரண்டையும் சேர்த்து உண்ணும் நம் பழக்கம் உடம்புக்கு முழுப் புரதத்தைத் தருகிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 300 கிராம் மைசூர் பருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். துவரம் பருப்பின் ருசி இதற்கு வராது என்பது உண்மைதான்; ஆனால் இதை ஊறவைக்க வேண்டியதில்லை, இருபது நிமிடத்தில் குழைந்துவிடும், அடுப்பு எரியும் நேரமும் குறையும். துவரம் பருப்புதான் வேண்டும் என்பவர்கள் ஒரு மணி நேரம் ஊறவைத்துக் குக்கரில் நான்கு விசில் விடலாம்.

பருப்பைத் தண்ணீர் தெளியும் வரை மூன்று நான்கு முறை கழுவி, ஒன்றேகால் லிட்டர் தண்ணீர், அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், நசுக்கிய பூண்டு ஐந்தாறு பல் ஆகியவற்றுடன் அடுப்பில் ஏற்றுங்கள். கொதி வந்ததும் வெள்ளை நுரை பொங்கி எழும். அதைக் கரண்டியால் எடுத்துவிட்டு, ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றி, மூடியைச் சற்றுத் திறந்தபடி வைத்துத் தீயைக் குறைத்தால் அடுப்பில் வழியாது. புளியையோ தக்காளியையோ இந்த நேரத்தில் சேர்த்துவிடாதீர்கள். புளிப்பு பட்டால் பருப்பு மென்மையாவது தாமதமாகும், எரிவாயுதான் வீணாகும். பருப்பின் வடிவம் கரைந்து, மத்தால் இரண்டு சுற்றுச் சுற்றினால் கூழாகும் பதம் வந்ததும் இறக்கிவிடுங்கள்.

முதல் நாள் இதில் பாதியைப் பருப்புக் குழம்பாக்குங்கள். எண்ணெயில் கடுகு, சீரகம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, நறுக்கிய பெரிய வெங்காயம் ஒன்றைப் பொன்னிறமாக வதக்கி, ஒரு தக்காளியைச் சேர்த்துக் குழைத்துப் பருப்பில் கொட்டி, உப்புப் போட்டு ஒரு கொதி விட்டால் போதும். தொட்டுக்கொள்ளக் கங்கோங் பிரட்டல் இருந்தால் அன்றைய சாப்பாடு நிறைவாகிவிடும்.

மீதிப் பாதியைத் தாளிக்காமல், ஆறியவுடன் மூடி போட்ட டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். இரண்டாம் நாள் அதில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துச் சாம்பார் வையுங்கள். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, கத்தரிக்காய், முள்ளங்கி, பரங்கிக்காய் என்று கையில் இருக்கும் காயை அதில் வேகவிட்டு, இரண்டு தேக்கரண்டி சாம்பார்த் தூளும் உப்பும் போட்டு, காய் வெந்த பிறகே பருப்பைச் சேர்க்க வேண்டும். மூன்றாம் நாளுக்கு எஞ்சியிருக்கும் கெட்டிப் பருப்பு கொஞ்சமாகத்தான் இருக்கும்; அதைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, புளி, தக்காளி, இடித்த மிளகு, சீரகம், பூண்டு சேர்த்து ரசமாக்கிவிடலாம். ரசம் வைக்கும் நாளில் பருப்பின் அளவு குறைந்துவிடுவதால் ஆளுக்கு ஒரு முட்டை கட்டாயம் இருக்கட்டும். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் கிடைக்கும். மூன்று நாளுக்கு மேல் வெந்த பருப்பை வைத்திருக்க வேண்டாம்.

டெம்பேயும் சார்டினும்

ஜாவாவிலிருந்து வந்த டெம்பேயை நம்மில் பலர் மலாய்க்காரர் சாப்பாடு என்று நினைத்துக் கடந்துபோகிறோம். இது வருத்தத்துக்குரியது. சோயா மொச்சையைப் புளிக்கவைத்துச் செய்யும் இந்தக் கட்டியில் 100 கிராமுக்கு 19 கிராம் அளவில் புரதம் இருக்கிறது, சந்தையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது, சைவம் சாப்பிடும் நாள்களுக்கும் ஏற்றது. வாங்கும்போது வெண்மையான பூஞ்சை கட்டி முழுவதும் சீராகப் படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கங்கே சாம்பல் புள்ளி இருந்தால் குற்றமில்லை. கையில் பிசுபிசுத்தாலோ மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தாலோ எடுக்காதீர்கள்.

அரை விரல் கனத்துக்கு வெட்டி, உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக வடித்துவிட்டுத் தோசைக்கல்லில் குறைந்த எண்ணெயில் இருபுறமும் சிவக்க விடுங்கள். ஊறவைக்காமல் பொரித்தால் உள்ளே உப்புப் பிடிக்காமல் சப்பென்று இருக்கும். முதல் முறை சாப்பிட்டு வேண்டாம் என்று ஒதுக்குகிறவர்கள் பெரும்பாலும் இப்படிச் செய்ததைத்தான் சாப்பிட்டிருப்பார்கள். பிறகு அதே கல்லில் வெங்காயம், அரைத்த காய்ந்த மிளகாய், கொஞ்சம் புளித் தண்ணீர், ஒரு சிட்டிகைச் சீனி சேர்த்துச் சம்பலாக வதக்கி, பொரித்த துண்டுகளைப் போட்டுப் பிரட்டினால் சாம்பாருக்கும் ரசத்துக்கும் அருமையான துணை. நெத்திலி சேர்க்க விரும்பினால் ஒரு கைப்பிடி போதும். அதைத் தனியே மொறுமொறுப்பாகப் பொரித்துக் கடைசியில் தூவ வேண்டும்.

டின் சார்டினைப் பொறுத்தவரை, 155 கிராம் சின்ன டின்னையும் 425 கிராம் பெரிய டின்னையும் 100 கிராமுக்கு என்ன விலை என்று கணக்கிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பெரியதே மலிவாக இருக்கும். ஒரு பெரிய டின்னில் நான்கு பேருக்குக் குழம்பு வைக்க, இரண்டு உருளைக்கிழங்கையோ நான்கு கத்தரிக்காயையோ வெங்காயம், பச்சைமிளகாய், மீன் கறித்தூளுடன் முதலில் வேகவைத்துக்கொள்ள வேண்டும். டின்னில் உள்ள தக்காளிச் சாற்றை ஊற்றிக் கொதிக்கவிட்டு, மீனைக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் இறக்க வேண்டும். முன்பே போட்டுக் கிளறினால் மீன் கரைந்து, குழம்பில் முள் மட்டும்தான் மிஞ்சும். அந்த மென்மையான முள்ளைத் தூக்கி எறியாமல் சாப்பிடுங்கள், அதில் சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு. டின்னிலேயே உப்பு இருப்பதால் ருசி பார்த்த பிறகு உப்புப் போடுங்கள்.

மாவும் மீந்த சோறும்

காலைப் பசியாறலுக்குக் கோதுமை தோசையை மிஞ்ச எதுவும் இல்லை. இரண்டு கப் மாவு, உப்பு, நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, மோர்ப் பதத்துக்குத் தண்ணீர். புளிக்கவைக்கும் வேலை கிடையாது. மாவில் ஒரு முட்டையை அடித்து ஊற்றினால் தோசை கிழியாமல் வருவதோடு புரதமும் சேர்கிறது.

மீந்த சோற்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில், அணைத்த ரைஸ் குக்கருக்குள் இரவு முழுவதும் சோற்றை விட்டுவைப்பது ஆபத்தானது. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை பெருகி நச்சை உண்டாக்குகின்றன, அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆகவே மீந்ததைத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். அப்படி வைத்த சோறு மறுநாள் உதிரியாக இருப்பதால், முட்டை, பொடியாக அரிந்த முட்டைக்கோஸ், ஒரு பிடி தவுகே சேர்த்துப் பெரிய தீயில் பிரட்டிப் பிள்ளைகளுக்குக் கட்டிக்கொடுக்கலாம்.

அடுப்பு இல்லாத அறையில்

வாடகை அறையில் தங்கிப் படிக்கிறவர்களுக்கும் வேலை பார்க்கிறவர்களுக்கும் பல இடங்களில் அடுப்பு வைக்க அனுமதி கிடைப்பதில்லை. அவர்களிடம் ரைஸ் குக்கர் ஒன்று இருந்தாலே பருப்புக் கிச்சடி செய்துகொள்ளலாம். ஒருவருக்கு அரைக் கப் அரிசி, கால் கப் மைசூர் பருப்பு, இரண்டு கப் தண்ணீர், சிறிது மஞ்சள், தட்டிய இஞ்சி, ஒரு தேக்கரண்டி எண்ணெய், உப்பு, அதோடு கேரட்டோ பரங்கிக்காயோ பொடியாக நறுக்கிச் சேர்த்துக் குக்கரை ஓடவிடுங்கள். பொங்கி வழியாமல் இருக்க, பானையில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. மேலே வைக்கும் ஆவித் தட்டில் நன்றாகக் கழுவிய முட்டை ஒன்றை வைத்தால், கிச்சடி வேகும் நேரத்திலேயே அதுவும் கெட்டியாக அவிந்துவிடும். குக்கர் அணைந்ததும் ஒரு கைப்பிடி கீரையைக் கிள்ளிப்போட்டு மூடி, பத்து நிமிடம் கழித்து இடித்த மிளகும் சீரகமும் தூவிக் கிளறிச் சூடாகவே சாப்பிடுங்கள். ஆறினால் இறுகிவிடும், அப்போது கால் கப் வெந்நீர் விட்டுத் தளர்த்திக்கொள்ளலாம்.