பின் ஆக்சில் சத்தம்: கிரவுனைத் திறப்பதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பின்பக்கம் ஊளைச் சத்தம் கேட்கிறது என்று டிரைவர் சொன்ன மாத்திரத்தில், தொழில் பழகும் பிள்ளைகள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, பின் ஆக்சிலின் நடுவே சக்கரங்களைச் சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுனைத் திறப்பதற்காக ஆக்சில் ஷாஃப்ட்டைக் கழற்றப் போவதை இன்றும் பார்க்கிறேன். ஆயில் அளவைப் பார்க்க வேண்டும், வீல் நட்டை முடுக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோரும் அறிந்தவை; அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஓட்டிப் பார்க்காமல் கிரவுனைத் திறப்பது

பெருஞ்செலவு வைக்கும் தவறு இதுதான். எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவதும் இதுவே. நாமக்கல் பக்கம் ஒரு பட்டறையில், ஊளையிட்ட டிப்பர் ஒன்றுக்குக் கிரவுனும், அதை ஓட்டும் சிறிய பல்சக்கரமான பினியனும் புதிதாகப் போட்டு அனுப்பினார்கள். வண்டி அதே சத்தத்தோடு திரும்பி வந்தது. அடியில் படுத்து, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் ஜாயின்ட் ஷாஃப்ட்டைக் கையால் மேலும் கீழும் அசைத்தபோது, அதை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்து, ஷாஃப்ட் தாராளமாக ஆடியது. மூலையில் கிடந்த பழைய கிரவுனின் பற்களில் ஒரு பொரிவுகூட இல்லை. கடன் வாங்கி வண்டி ஓட்டும் ஓனருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு!

ஆகவே, லோடு இருக்கும்போதே ஓட்டிக் கேட்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கையில் ஊளையிட்டுக் காலை எடுத்ததும் அடங்கினால் கிரவுன்–பினியன் பற்களின் பதிவையும் (ஒன்றின் மேல் ஒன்று படியும் இடம்), காலை எடுத்த பிறகே ஊளையிட்டால் பினியன் பேரிங்கின் தளர்வையும் முதலில் சந்தேகிக்கலாம். மிதித்தாலும் விட்டாலும் மாறாத இரைச்சல், தார் சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு ஏறியதும் தொனி மாறினால், அது டயர். வளைவில் மட்டும் கேட்டால், இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற உதவும் சிறு பல்சக்கரங்களான ஸ்டார் பினியன்களைப் பார்க்க வேண்டும், ஏனெனில் நேராக ஓடும்போது அவை தம் அச்சில் சுழல்வதே இல்லை. தட்டும் சத்தமாக இருந்தால் தாளத்தைக் கவனியுங்கள்: 6 பல் பினியனும் 41 பல் கிரவுனும் உள்ள வண்டியில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஜாயின்ட் ஷாஃப்ட் 6.83 சுற்றுச் சுற்றிவிடும் என்பதால், சக்கரச் சுற்றுக்கு ஒருமுறை தட்டுவது ஹப், டயர் அல்லது கிரவுனில் உடைந்த பல்லாகவும், ஏறக்குறைய ஏழு மடங்கு விரைவாகத் தட்டுவது பினியன் அல்லது ஷாஃப்ட் பக்கத்துக் கோளாறாகவும் இருக்கும்.

சேஸியில் முட்டுக் கொடுத்துத் தூக்கிக் கேட்பது

ஆக்சில் கீழே தொங்கினால் ஜாயின்ட்டின் கோணம் கூடி, இல்லாத சத்தமெல்லாம் கேட்கும். முட்டு ஆக்சில் ஹவுசிங்கின் (ஆக்சிலின் வெளிக்கூடு) அடியில் இருக்க வேண்டும். அப்போதும் லோடு இல்லாததால் உண்மையான ஊளை அடங்கிப் போகலாம்.

தேய்ந்த ஜோடிக்குச் சிம் மாற்றுவது

இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடான சிம்மை மாற்றினால், பல ஆண்டுகளாக ஒன்றோடொன்று பழகிய பற்களின் பதிவு இடம் மாறிவிடுவதால், சத்தம் பெரும்பாலும் கூடும்.

பினியனை மட்டும் மாற்றுவது

கூடாது, அவை ஜோடியாகவே தேய்த்துப் பொருத்தப்பட்டவை.

டிரெயின் பிளக்கைத் துடைத்துப் போட்டுவிடுவது

துடைப்பதற்கு முன் அதன் காந்த முனையை விரலால் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை போன்ற தூள் வழக்கமான தேய்மானம்தான். நகத்தில் இடறும் இரும்புச் சில்லுகள் இருந்தால் மட்டும் கிரவுனைத் திறக்கத் தயங்க வேண்டாம்.