விண்டோஸ் ஃபோல்டர் மேக்கில் திறக்கவில்லையா?

விண்டோஸில் பகிர்ந்த ஃபோல்டரை மேக்கிலிருந்து திறக்கும்போது கடவுச்சொல் தவறு என்று வந்தால், பெரும்பாலும் காரணம் பின் (PIN) எண்ணைக் கொடுப்பதுதான். அந்த எண் அந்தக் கணினியில் உள்நுழைய மட்டுமே. நெட்வொர்க் வழியாகச் செல்லாது. கணக்கின் முழுக் கடவுச்சொல்லைத்தான் கொடுக்க வேண்டும். கடவுச்சொல்லே இல்லாத கணக்கையும் விண்டோஸ் நெட்வொர்க்கில் ஏற்காது. விண்டோஸில் பகிர்வுக்கென்றே கடவுச்சொல்லுடன் ஒரு லோக்கல் கணக்கை (அந்தக் கணினிக்கு மட்டுமான கணக்கு) உருவாக்கிக்கொள்வதே நல்லது; மைக்ரோசாஃப்ட் கணக்கின் குழப்பங்கள் இதில் இல்லை.

அந்தக் கணக்குக்கு ஃபோல்டர் பண்புகளில் ஷேரிங், செக்யூரிட்டி இரண்டு இடத்திலும் அனுமதி தேவை. ஒன்றில் விட்டுப்போனாலும் ஃபோல்டர் கண்ணில் படும், ஆனால் திறக்காது.

கணினியே பட்டியலில் தெரியவில்லையா? விண்டோஸில் நெட்வொர்க் வகையைப் 'பப்ளிக்'கிலிருந்து 'பிரைவேட்' ஆக்குங்கள். மேக்கின் ஃபைண்டரில் கமாண்ட், கே விசைகளைச் சேர்த்து அழுத்தி, எஸ்எம்பி (நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரும் முறை) முகவரியாக விண்டோஸ் கணினியின் ஐபி எண்ணையே (உதாரணமாக smb://192.168.1.10) கொடுங்கள். பெயரைத் தேடும் சிக்கல் இருக்காது. இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கட்டும். கெஸ்ட் வைஃபை பொதுவாகக் கருவிகளைப் பிரித்தே வைக்கும்.

கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் மறுத்தால், மேக் கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் கீச்செயினில் தங்கிய பழைய பதிவை நீக்குங்கள். எதுவும் சரிவரவில்லையென்று எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1-ஐ மட்டும் இயக்கிவிடாதீர்கள். 2017-இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வன்னாகிரை வைரஸ் பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான்.