ரத்தம் கிடைத்த பிறகும் சுற்றும் செய்திகள்: கொடையாளர் குழுக்களுக்கான சமூக ஊடக வழிகாட்டி

நோயாளி குணமாகி வீடு திரும்பி மூன்று மாதம் ஆகியிருக்கும். ‘அவசரம், ஓ நெகட்டிவ் தேவை’ என்ற படம் மட்டும் ஏதாவதொரு குடும்பக் குழுவில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக் கூப்பிடுபவர், “அது எப்பவோ முடிஞ்சுபோச்சுங்க” என்ற பதிலை இரண்டு முறை கேட்டால் மூன்றாவது முறை கூப்பிட மாட்டார். அந்த மூன்றாவது அழைப்பு உண்மையான தேவையாக இருந்திருக்கலாம்.

ஆகவே எந்தத் தளத்தில் எதைப் போடுவது என்று யோசிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: தேவை தீர்ந்ததும் இந்தச் செய்தியை நம்மால் முடித்துவைக்க முடியுமா?

வாட்ஸ்அப் இல்லாமல் நம் ஊரில் எந்த ரத்ததானக் குழுவும் நடக்காது. ஆனால் எல்லோரையும் ஒரே குரூப்பில் சேர்ப்பது தவறான தொடக்கம். ஒரு குரூப்பில் 1,024 பேர் வரை இருக்கலாம். அத்தனை பேருக்கும் அத்தனை பேரின் எண்ணும் தெரியும். பெண் கொடையாளர்களுக்கு நள்ளிரவில் வேண்டாத அழைப்புகள் வருவதும், அவர்கள் சத்தமில்லாமல் விலகிப்போவதும் இதனால்தான். அதற்குப் பதில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் ரத்த வகைவாரியாக பிராட்காஸ்ட் பட்டியல் போடுங்கள்; ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். குழுவின் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே பிராட்காஸ்ட் செய்தி போகும். பலர் சறுக்குவது இங்கேதான். பதிவு செய்யும்போதே, எதிரில் நிற்கும்போதே, எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாகக் கொடுத்த மாதத்தை லேபிளாகக் குறித்து வையுங்கள். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். போன மாதம் கொடுத்தவருக்கே மறுபடியும் செய்தி அனுப்பினால், இவர்களிடம் கணக்கே இல்லை என்று அவர் நினைப்பார். நினைப்பதில் தப்பில்லை.

செய்தி எப்படி இருக்க வேண்டும்? இதோ ஒரு மாதிரி:

“ஓ நெகட்டிவ், 2 யூனிட். 14-03-2025 காலை 9 மணிக்குள். அரசுத் தலைமை மருத்துவமனை ரத்த வங்கி, தரைத்தளம். 14-03-2025 பகல் 12 மணிக்கு மேல் பகிர வேண்டாம். இன்னும் தேவையா என்று பார்க்க இந்த இணைப்பை அழுத்தவும்.”

‘நாளை’, ‘இன்று’ என்று எழுதாதீர்கள். பத்து நாள் கழித்துப் படிப்பவருக்கும் அது நாளைதான். ஆண்டையும் போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மார்ச்சில் செய்திக்கு உயிர் வந்துவிடும். படமாகச் செய்து அனுப்ப வேண்டாம். பகிரப்பட்ட படத்தைத் திருத்த வழியே இல்லை. வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தியைக்கூட 15 நிமிடத்துக்குள்தான் திருத்த முடியும், அதனால்தான் அந்த இணைப்பு.

இணைப்பு போய்ச் சேர வேண்டிய இடம் ஃபேஸ்புக் பக்கம். அங்கே போட்ட பதிவை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். ஒரு தேவைக்கு ஒரு பதிவு. ரத்தம் கிடைத்ததும் முதல் வரியில் ‘தேவை முடிந்தது’ என்று சேர்த்துவிடுங்கள். செய்தி எத்தனை கை மாறினாலும், இணைப்பை அழுத்துபவருக்கு இன்றைய நிலை தெரியும். பதிவை ‘பொது’ என்று வைக்க மறக்காதீர்கள். தனிநபர் கணக்கில் இதைச் செய்யாதீர்கள்: 5,000 நண்பர்களோடு கதவு மூடிவிடும், அவர் ஊர் மாறினால் எல்லாம் அவரோடு போய்விடும். பக்கத்துக்கு முழு அதிகாரம் உள்ளவர்கள் இரண்டு பேராவது இருக்கட்டும்.

இன்ஸ்டாகிராம் கல்லூரி வயதுக்காரர்களுக்கு. ஸ்டோரி 24 மணி நேரத்தில் தானாக மறைந்துவிடுவதால் அவசரத் தேவைக்கு அதுவே பொருத்தம். இணைப்பு ஸ்டிக்கரும் ஒட்டலாம். சாதாரணப் பதிவின் கீழே எழுதும் இணைப்பை அழுத்தினால் திறக்காது.

யூடியூபில் ஒரே ஒரு நல்ல வீடியோ போதும். மூன்று நிமிடம் வரையுள்ள செங்குத்து வீடியோ ஷார்ட்ஸாகவே போகும். முதல்முறை கொடுப்பவரின் பயத்துக்குப் பதில் சொல்லுங்கள்: வயது 18 முதல் 60 (ஏற்கெனவே கொடுத்தவர்களுக்கு 65 வரை), எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 கிராம், எடுப்பது 350 மில்லி. ஊசியை மறைக்காமல் காட்டுங்கள்.

எக்ஸ் தளத்தில் இலவசக் கணக்குக்கு ஒரு பதிவில் 280 குறிகள்தான். ‘கொ’ என்பதை அது இரண்டாக எண்ணும், தமிழில் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆள் குறைவான குழு அதை விட்டுவிடலாம்.

எந்தத் தளமானாலும் நோயாளியின் படம், கேஸ் ஷீட், நோயின் பெயர் வேண்டவே வேண்டாம். உடனிருக்கும் உறவினரின் எண்ணையும் பொதுவில் போடாதீர்கள். குழுவின் எண் மட்டும் போதும். உறவினரின் எண்ணைப் பார்த்து, “நான் கிளம்பிட்டேன், பெட்ரோலுக்கு ஐந்நூறு ரூபாய் ஜிபே பண்ணுங்க” என்று ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள். ஐசியூ வாசலில் நிற்பவர் யோசிக்காமல் அனுப்பிவிடுவார். பணம் வாங்கி ரத்தம் கொடுப்பது 1998 முதல் தடைசெய்யப்பட்டது என்ற ஒரு வரி ஒவ்வொரு பதிவிலும் இருக்கட்டும்.

குழுவின் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க பின் போட்டு வையுங்கள். ‘தவறுதலாக உங்களுக்கு ஒரு கோடு வந்திருக்கும், சொல்லுங்க’ என்று கேட்பவருக்கு அந்தச் சரிபார்ப்புக் குறியீட்டைச் சொன்னால் எண்ணையே இழக்க நேரிடும். ரீசார்ஜ் தேதியை இரண்டு பேர் குறித்துக்கொள்ளுங்கள்.

லைக் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம். ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: தேவை வந்த நேரம், எந்தத் தளம் வழியாகக் கொடையாளர் வந்தார், ரத்த வங்கிக்குப் போனாரா, ‘முடிந்தது’ என்று போட்ட நேரம். மூன்று மாதத்தில் எந்தத் தளத்தைக் கைவிடலாம் என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.

ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரிகள் மூடியிருக்கும், முகாம்கள் குறையும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை 5 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால் முன்கூட்டியே சேர்த்துவைக்கவும் வழியில்லை. மார்ச் முடிவதற்குள் மாணவர்களிடம் விடுமுறையில் எந்த ஊரில் இருப்பார்கள் என்று கேட்டு, பிராட்காஸ்ட் பட்டியல்களை ஊர்வாரியாகவும் பிரித்துவிடுங்கள்.